பின்வாசல் பிள்ளைகள்

முன் கேட்டில் பூட்டு தொங்கியது. கிரஷ், குழந்தைகள் காப்பகம் என்று எழுதிய பலகையை அதை நடத்தும் ஷர்மிளா பழைய போர்வையால் மூடிக் கட்டியிருந்தாள். பருத்திப்பட்டில் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும், மூடிட்டாங்களே, கவர்ன்மென்ட் உத்தரவாச்சே என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் கண்ணெதிரேதான் தினமும் காலையில் ஒரு டஜன் பிள்ளைகள் பின்பக்கச் சந்தில் இறங்கி, துவைக்கிற கல்லைத் தாண்டி, சமையலறைக் கதவு வழியாக உள்ளே போயின.

ஒமிக்ரான் வந்த தை மாதம் அது. பள்ளிக்கூடம் கிடையாது, பால்வாடி கிடையாது, கிரஷ் கிடையாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மட்டும் எந்த கம்பெனிக்கும் லீவு கிடையாது. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள் என்றது ஓர் உத்தரவு. ஷிப்டுக்கு ஆள் வந்தாக வேண்டும் என்றது இன்னொன்று. இரண்டையும் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜெகன் கியர் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஜினியர். மனைவி கிருஷ்ணப்பிரியா இல்லை. மகள் கவிக்கு மூன்று வயது. ஆக, பின்வாசல்.

பொங்கலுக்கு முன்பு ஷர்மிளா எல்லாப் பெற்றோரையும் சமையலறையில் நிற்கவைத்துப் பேசினாள்.

"யாரு வந்து கேட்டாலும் இதெல்லாம் என் சொந்தக்காரங்க பிள்ளைங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?"

"அக்கா, என் பொண்ணு பேரு ரிஃபா. அது எப்டிக்கா உனக்கு சொந்தக்காரப் புள்ளை ஆவும்?" என்றான் யூசுப். பூந்தமல்லியில் ஏசி மெக்கானிக் கடை வைத்திருப்பவன்.

"அப்போ பக்கத்து வீட்டுப் பிள்ளை."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெகன் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

தைப்பூசம் முடிந்த வியாழக்கிழமை மாலை, கவியைக் கூப்பிட வந்தபோது ஆயா வடிவு இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் வடிவுதான். ஷர்மிளாவே கவியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"வடிவு எங்க?"

"சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்து கால் வலின்னு படுத்துக்கிச்சு." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமினாள். "இந்தப் பனி வேற."

பைக்கில் முன்னால் உட்கார்ந்திருந்த கவி, ஏரிக்கரைத் திருப்பத்தில் தானாகவே பேசினாள்.

"நேத்து வடிவும்மா வாயில துணி கட்டிகினு ஊட்டுச்சு. இருமிச்சா, சோறு கீழ கொட்டிட்ச்சு."

கவியின் பேச்சு வடிவின் பேச்சாகி ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஜெகன் வண்டியைத் திருப்பினான்.

வடிவின் வீடு தெரியும். மழை நாட்களில் இறக்கிவிட்டிருக்கிறான். ஒற்றை அறை, வாசலில் தண்ணீர் டிரம். ஜன்னலில் அவன் தலை தெரிந்ததுமே உள்ளிருந்து குரல் வந்தது.

"கிட்ட வராத தம்பி! பாப்பாவை ஏன் இட்டுகினு வந்தே? அப்பால போ!"

"என்ன ஆச்சு?"

"அக்கா சொல்லலயா?" வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "எனக்கு வந்துட்ச்சு. பாசிட்டிவ்னு போன்ல வந்துகீது. நேத்து சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டு சொல்லிட்டேனே."

"காய்ச்சல் எப்போ வந்துச்சு?"

"தைப்பூசத்துக்கு மொத நாளே உடம்பு அடிச்சிப் போட்டா மாரி இருந்துச்சு. லீவு கேட்டேன் தம்பி. மாத்திரையைப் போட்டுகினு வா, நீ இல்லாட்டி எதுவும் வாயைத் தொறக்காதுன்னாங்க. போனேன். இன்னா பண்ணச் சொல்றே?"

எதுவும் வாயைத் திறக்காது என்பது உண்மைதான். வடிவு ஊட்டும் முறை அப்படி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் டிபன் பாக்ஸை எல்லாம் திறந்து ஒரே அலுமினியச் சட்டியில் கொட்டுவாள். பருப்பு சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் எல்லாம் ஒன்றாகப் பிசைந்து, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒரே கையால் உருட்டி உருட்டி வாயில் வைப்பாள். அவனுடையதுதான் ருசி, இவளுடையதுதான் ருசி என்று அழுகை கிடையாது. ஒன்று பாதி கடித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினால் மீதி அடுத்த வாய்க்குப் போகும். பெற்றோர் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, பெருமையும் கூட. வீட்டில் ஒரு பருக்கை தொடாத பிள்ளை அங்கே தின்று கொழுக்கிறது என்று ஆள் ஆளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். கவிக்குக் கன்னம் வந்ததே அந்தச் சட்டியால்தான்.

"சுகாதாரத் துறையில இருந்து விசாரிக்கிறவங்க உங்களைக் கேட்கலயா? யார் யாரோட இருந்தீங்கன்னு?"

"ஒரு பொண்ணு போன்ல கேட்டுச்சு. ஊட்டு வேலை, நாலு ஊடுன்னு சொல்ட்டேன். அக்கா அப்டித்தான் சொல்லச் சொன்னாங்க. கிரஷ்னு சொன்னா அத்தினி பேரு பொழப்பும் பூடும்னாங்க." குரல் தாழ்ந்தது. "நீ யாராண்டயும் சொல்லிடாத தம்பி. எனக்கு வேற வேலை கிடையாது."

"அந்தப் பொண்ணு நம்பரைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க வடிவு."

சொன்னாள். போனில் பதிந்துகொண்டான். வண்டியை எடுக்கப் போனவனை வடிவு திரும்பக் கூப்பிட்டாள்.

"தம்பி, நாளைக்கு சுதா பாப்பாவுக்கு வளைகாப்பு. எனக்குப் பொடவை எல்லாம் எடுத்துக் குட்த்துச்சு. நான் போவ மாட்டேன். ஆனா அக்கா போவாங்க போலகீது. அதை மட்டும் இன்னான்னு பாரு."

சுதாவின் மகன் நித்திலனும் அதே வட்டத்தில் உட்காருகிறவன்தான். சுதாவுக்கு இப்போது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தடுப்பூசி போடாமல் இருந்தாள். அதை அவளே பின்வாசலில் நின்று, சாதாரணமாக, முருங்கைக்கீரை விலை சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறாள். கணவன் ரகுநாதனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. இருவரும் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவர்கள். நித்திலனுக்கு வளைகாப்பு நடக்கவில்லை. நடத்த ஆள் வரவில்லை. இந்த முறைதான் சுதாவின் அப்பா இறங்கி வந்திருக்கிறார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவு புறப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கவிக்குப் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டு ஷர்மிளாவைப் போனில் கூப்பிட்டான்.

"வடிவுக்குப் பாசிட்டிவ்னு உங்களுக்கு நேத்தே தெரியுமா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"வடிவு."

"அதுக்கு வாய் நீளம். ஜெகன், கத்தாதீங்க."

"நான் கத்தல."

"இப்போ ஊர்ல யாருக்குத்தான் இல்ல? சளி. மூணு நாள் கஷாயம் வச்சுக் குடிச்சா போயிடும். இது என்ன போன தடவை மாதிரியா?"

போன தடவை. போன வைகாசியில் ஆம்புலன்ஸுக்குள், ஆஸ்பத்திரி வாசலில், வரிசையில் நின்ற வண்டிகளுக்கு நடுவில் கிருஷ்ணப்பிரியா இறந்தாள். கட்டில் காலியாகவில்லை. காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் ஒரு பெண் போன் செய்தாள். மேடம் இருக்காங்களா, பத்து நாளில் அவங்க யார் யாரைப் பார்த்தாங்கன்னு ஒரு விவரம் வேணும் என்றாள். மேடம் இல்லை என்றான். எப்போ வருவாங்க என்றாள். அவனுக்கு அழுகை வரவில்லை. அன்றிலிருந்து வரவே இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. பேருந்திலா, பால்காரரிடமா, துணிக்கடையிலா. தெரிந்த ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு வெளியே போயிருக்க மாட்டாள். அந்த ஒருவரும் இப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்து கஷாயம் என்று சொல்லியிருப்பார்.

"நாளைக்கு சுதா வளைகாப்புக்குப் போறீங்களா?"

"போகாம? அம்மாங்க எல்லாரும் சேர்ந்து போறோம். ஒரே கலர்ல புடவை."

"நீங்க இருமறீங்க."

"பனி."

"நித்திலன் அந்தச் சட்டியிலதான் சாப்பிட்டான். அந்தப் பொண்ணு எட்டு மாசம். ஊசி போடல. நீங்க போய்க் கன்னத்துல சந்தனம் தடவப் போறீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?"

"ஃபங்ஷன் முடியட்டும். நானே பக்குவமா சொல்றேன்."

"முடிஞ்சப்புறம் சொல்லி என்ன புண்ணியம்?"

"அப்போ சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னா ஊரே சொல்லும். நாளைக்கே சீல் வைப்பாங்க." ஷர்மிளாவின் குரலில் பதற்றம் இல்லை. காய்கறிக்காரரிடம் பேசுகிற குரல். "திங்கக்கிழமை கவியை எங்க விடுவீங்க? மடியில வச்சுக்கிட்டு வேலை பார்ப்பீங்களா? அதை மொதல்ல யோசிச்சுட்டு அப்புறம் எனக்கு நியாயம் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள்.

சுதாவின் எண்ணை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பவும் அடித்தான். மூன்றாவது முறை போன் அணைந்துவிட்டிருந்தது. ரகுநாதனைக் கூப்பிட்டான். எடுத்தான். பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"ஜெகன், ஷர்மிளா அக்கா இப்பதான் பேசினாங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் தப்பா சொல்லல. உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. யாரு தும்மினாலும் உங்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும். அது இயற்கைதானே. ஒரு நல்ல டாக்டரைப் பார்த்தா..."

"வடிவுக்குப் பாசிட்டிவ்."

"கால் வலின்னுல்லா சொன்னாங்க?"

"நான் நேர்ல போய்ப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். காய்ச்சலோடதான் பிள்ளைங்களுக்கு ஊட்டியிருக்கா. உங்க பையனுக்கும். ஷர்மிளாவுக்கு இருமல்."

ரகுநாதன் போனோடு நடந்து வேறு அறைக்குப் போவது கேட்டது. கதவு சாத்தும் சத்தம்.

"ஜெகன், நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள் விட்டுருங்க. அவங்க அப்பா நாலு வருஷம் கழிச்சு என் வாசல்ல கால் வைக்காரு. எல்லாரும் வந்துட்டாவ. இப்போ போய் நான் என்னன்னு சொல்ல?"

"சுதாகிட்ட போனைக் கொடுங்க."

"அவ கையில மருதாணி வச்சிருக்கா" என்றான் ரகுநாதன். போனைத் துண்டித்தான்.

ஜெகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எட்டு மாதமாக அவனுக்கு எதுவுமே உறைத்ததில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், கவிக்குத் தலை வாரினான். இப்போது கோபம் மட்டும் திரும்ப வந்திருந்தது. வருகிற வேகத்தில் அவன் மேலேயே முட்டியது. வடிவு கொடுத்த எண் போனில் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தான். அழுத்தினால் திங்கட்கிழமை கிரஷ் கிடையாது. சுதாவுக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டான். எண்ணை அழுத்தவில்லை.

காலையில் கவியின் நெற்றி சுட்டது. மருந்துக்கடை திறந்ததும் பரிசோதனைக் கிட் இரண்டு வாங்கி வந்தான். கவி திமிறினாள், கடித்தாள். அவள் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. ஒன்று மங்கல், ஆனால் கோடு கோடுதான். அவனுடையதில் ஒன்று. இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்கும் ஒன்று என்று அர்த்தமில்லை.

பிள்ளையை விட்டுவிட்டுப் போக வீட்டில் யாரும் இல்லை. இரண்டு அட்டையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கவிக்கும் தனக்கும் இரட்டை மாஸ்க் கட்டி, அவளை பைக்கில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆவடிக்குப் புறப்பட்டான்.

குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி இரண்டு அலறியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் பட்டுப் புடவைகள், நடுவில் மாலையோடு சுதா. ஒரு கன்னத்தில் சந்தனம் ஏறிவிட்டிருந்தது. மடியில் நித்திலன். வரிசையாகப் பெண்கள் வந்து சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, பன்னீர் தெளித்து நகர்ந்தார்கள். கிரஷ் அம்மாக்கள் மாம்பழ நிறப் புடவையில் கூட்டமாக நின்றார்கள். ஷர்மிளா வரிசையில் மூன்றாவது ஆள். மாஸ்க் தாடையில் கிடந்தது.

ஜெகன் ஷாமியானாவை ஒட்டிய சாக்கடையைத் தாண்டாமல் வண்டியை நிறுத்தினான். கவியை வண்டியிலேயே உட்காரச் சொன்னான்.

"சுதா!"

பாட்டுச் சத்தத்தில் எடுபடவில்லை. இன்னொரு முறை கத்தினான். யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, உள்ளே வாங்க என்று கை காட்டினார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஷாமியானாவின் ஓரத்தில், பிளக் போர்டில் செருகியிருந்தது. எட்டி அதைப் பிடுங்கினான்.

சட்டென்று எல்லாம் அடங்கியது. எல்லா முகமும் திரும்பியது.

"சுதா, ஷர்மிளாவைத் தொட விடாதீங்க. வடிவுக்கு கொரோனா. காய்ச்சலோட எல்லாப் பிள்ளைக்கும் ஊட்டியிருக்கா. ஷர்மிளாவுக்கு முந்தாநேத்தே தெரியும்."

"ஏ, யாருல இவன்?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பெரிய ஆட்கள் எழுந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ரகுநாதன் ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஜெகன், ப்ளீஸ். நான் சொன்னேனில்ல? போயிருங்க."

"கிட்ட வராதீங்க. என் பொண்ணுக்குப் பாசிட்டிவ். எனக்கும் இருக்கலாம்."

அட்டையைத் தூக்கிக் காட்டினான். வந்த வேகத்தில் மூவரும் நின்றார்கள். பெரிய ஆள் ஒருவர் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னோக்கி நடந்து ஒரு நாற்காலியில் இடித்து உட்கார்ந்தார். சிரிக்க வேண்டிய காட்சி. யாரும் சிரிக்கவில்லை.

"பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன், நல்ல காரியத்துல வந்து நிக்கான் பாரு" என்றாள் ஒரு பெண். முணுமுணுப்பாக இல்லை, கேட்கும்படியாகவே. "விடியாத மூஞ்சி."

"ஆமாங்க, பறிகொடுத்தேன்" என்றான் ஜெகன். "நீங்க இங்க இன்னொரு உயிரைப் பறிகொடுக்காதீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ஷர்மிளா முன்னால் வந்தாள். "சுதா, இவர் பேச்சைக் கேக்காத. பாவம், இவருக்கு மனசு சரி..." அதற்குமேல் வரவில்லை. இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மாம்பழ நிறப் புடவைகள் இரண்டு பக்கமும் விலகின.

சுதா அவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருமல் ஓயும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, வடிவுக்கு கால் வலியா, கொரோனாவா?"

"அது வந்து சுதா, நான் ஃபங்ஷன் முடிஞ்சதும்..."

"சரி." கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

ரகுநாதன் மாமனார் இருந்த பக்கம் பார்த்தான்.

"கேக்குறேன்ல? எப்போ தெரியும்?"

"நேத்து. ஜெகன் போன் பண்ணாரு. நிச்சயமா தெரியலைன்னுதான்..."

"நேத்து ராத்திரி இவன் என் முந்தானையில மூக்கைத் துடைச்சுத் துடைச்சுப் படுத்திருந்தான். எச்சரிக்கையா இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பக்கத்துலதானே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்க? மருதாணி நல்லா செவந்திருக்குன்னு சொன்னீங்க!"

"உங்க அப்பா வந்திருக்காரேன்னு..."

"எங்க அப்பா வராமலேயே ஒரு பிள்ளை பெத்தேன் நான்!"

சுதா முந்தானையால் கன்னத்துச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். நித்திலன் அழ ஆரம்பித்தான். அவனை இறக்கிவிடாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். ஜெகன் நிற்கும் பக்கமாக நாலு எட்டு வந்து தள்ளியே நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"விசாரிக்கிற ஆளுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்ன?"

"அவங்க கேப்பாங்கல்ல, யாரு யாரு கூட இருந்தாங்கன்னு. சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நம்பர் இல்லையா?"

"இருக்கு."

"அப்போ?" அவன் முகத்தையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே புரிந்துகொண்டாள். "ஓஹோ. எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தீங்க. திங்கக்கிழமை கிரஷ் வேணும். மத்த பிள்ளைங்க வீட்டுல யாருக்கு என்ன ஆனா உங்களுக்கு என்ன?"

"எனக்கு வேற வழி இல்லைங்க."

"எனக்கு மட்டும் இருக்கா? இவளுக்கு இருக்கா? அவனுக்கு இருக்கா?" கை நீண்டு ஒவ்வொருவராகக் காட்டியது. அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். "யாருக்கும் இல்லாமத்தான் எல்லாரும் திருட்டுத்தனமா அந்தச் சந்துல போனோம். கிருஷ்ணப்பிரியா போனப்புறமும் நீங்க போனீங்க. நானும் போனேன். போன் போடுங்க."

"இங்கயா?"

"இங்கயேதான். எல்லாருக்கும் கேக்கணும். ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டான். இரண்டாவது மணி அடித்ததுமே அந்தப் பெண் எடுத்தாள். சின்ன வயதுக் குரல். தொண்டை கட்டியிருந்தது. ஜெகன் பெயரைச் சொன்னான், வடிவின் பெயரைச் சொன்னான்.

"அவங்க வீட்டு வேலைன்னுதான் சார் சொன்னாங்க."

"இல்லைங்க. கிரஷ். பருத்திப்பட்டு." தெருவைச் சொன்னான்.

"அது மூடித்தானே சார் இருக்கு? நாங்க வந்து பார்த்தோமே. பூட்டு போட்டிருந்துச்சு."

"அடுத்த தடவை பின்பக்கமா வாங்க."

ஷர்மிளா தன் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் அம்மாக்களுக்கு முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது. அது இருமலாலா என்று தெரியவில்லை.

"எத்தனை நாள் ராத்திரி வரைக்கும் உங்க பிள்ளைங்களை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்? லேட்டாகும்க்கா, லேட்டாகும்க்கான்னு போன் பண்ணப்போ நான் நல்லவ. இப்போ எல்லாரும் இந்த ஆள் பக்கமா?"

அதை யாராலும் மறுக்க முடியாது. அதுதான் ஜெகனுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா? குழந்தைங்க பேர் ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"கவிப்பிரியா. மூணு வயசு. என் பொண்ணு. வீட்டுல டெஸ்ட் பண்ணேன், பாசிட்டிவ்."

"அடுத்தது?"

சுதா தலையசைத்தாள்.

"நித்திலன். மூணரை. அவங்க அம்மா எட்டு மாச கர்ப்பம். ஊசி போடல."

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. "சார், அவங்களை உடனே டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க. மூச்சு வாங்குதா கேளுங்க. காத்திருக்க வேணாம், இப்பவே கிளம்பச் சொல்லுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து போனார். வேனின் பக்கக் கதவைத் திறந்தார். ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். சுதாவின் அப்பா. யாரோடும் ஒன்றும் பேசவில்லை.

"கிட்ட வராதீங்கப்பா" என்றாள் சுதா.

"வரல. நீ பின்னால உக்காரு. நான் டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்."

"அப்பா, வேண்டாம்."

"ஏறுன்னா ஏறு."

ஏறினாள். கை நிறையக் கண்ணாடி வளையல் கதவில் இடித்துச் சத்தம் எழுப்பியது. ரகுநாதனும் ஏறப் போனான். "பைக்ல வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வேன் கிளம்பிய பிறகும் அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான். பிறகு சாவியைத் தேடி வீட்டுக்குள் ஓடினான்.

"அடுத்த பேர் சார்?"

ஜெகன் நிமிர்ந்து பார்த்தான். மாம்பழ நிறப் புடவைகள் நின்றன. பெயர் சொல்லிவிடாதே என்று கெஞ்சும் முகம் ஒன்று. சொன்னால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்கிற முகம் இன்னொன்று. அவரவர் மேனேஜர், அவரவர் ஷிப்டு, அவரவர் வீட்டில் படுத்திருக்கும் மாமனார் மாமியார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த யூசுப் கடைசியில் நாற்காலி ஒன்றின் மேல் கால் வைத்து நின்றிருந்தான். இருவர் கண்ணும் சந்தித்தன.

"இன்னா பாக்குற?" என்றான் யூசுப். "சொல்லு."

"கடை?"

"கடைக்கு இன்னா, சாத்துவேன். எங்க அம்மாவுக்கு சுகர் கீது, ஊட்லதான் கீது. அது இத்தினி நாளா எனக்கு ஞாபகம் வரல பாரு, என்னை எதால அடிக்கறது?" நாற்காலியை உதைத்தான். அது போய் சாக்கடை ஓரத்தில் விழுந்தது. "ஆனா ஒண்ணு மாமே. இதெல்லாம் முடிஞ்சாலும் கம்பெனிக்காரன் லீவு தரமாட்டான், கிரஷ்ஷும் இருக்காது. அப்போ நேரா உன் ஊட்டுக்கு வந்து புள்ளையை உட்டுட்டுப் பூடுவேன். நீயே ஊட்டு."

"கொண்டாந்து விடு" என்றான் ஜெகன்.

"சார்? இன்னும் இருக்கா?"

பைக்கில் உட்கார்ந்திருந்த கவி மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஒயரை ஏன்ப்பா புடுங்கினே, பாட்டு வேணும் என்றாள். ஜெகன் ஒரு கையால் மாஸ்க்கை ஏற்றிவிட்டான்.

"இருக்கு. எழுதிக்குங்க. ரிஃபா. மூணு வயசு. அப்பா பேர் யூசுப், வீட்டுல சுகர் உள்ள பெரியவங்க இருக்காங்க."

"அடுத்தது?"

அடுத்த பெயரைச் சொல்ல அவன் வாயெடுக்கும்போதே, மாம்பழ நிறப் புடவைகளில் ஒன்று அழுதுகொண்டே முன்னால் வந்து, தன் பிள்ளையின் பெயரைத் தானே சொன்னது.